ஐந்து சென்ட்டுக்குப் போன மாடு: ஐயோவாவில் ஆறு நாள்

முதல் நாள்: வெஸ்ட் பிராஞ்ச் – டிப்டன், சுமார் 35 கி.மீ.

மேலிருந்து பார்த்தால் ஐயோவா மாநிலம் புள்ளி வைத்துக் கோடு இழுத்த கோலம் மாதிரி இருக்கும். மைலுக்கு ஒரு சாலை. வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று. நான்கு சாலைகளுக்கு நடுவில் 640 ஏக்கர். அதில் கால் பங்கான 160 ஏக்கர்தான் 1930களில் ஒரு குடும்பத்தின் பண்ணை. பெரும் பொருளாதார மந்தம் இந்தப் பண்ணைகளைப் பிடித்தபோது இங்கே நடந்த குற்றங்களின் தடத்தைத்தான் கிழக்கிலிருந்து மேற்காகப் பின்தொடர்கிறோம்.

வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஜூலைக்குப் பிறகு மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். சரளைச் சாலைகள் சந்திக்கும் பல இடங்களில் நிறுத்தப் பலகையே இருக்காது. குறுக்கே வரும் வண்டி பயிருக்குள் மறைந்துவிடும். அது கிளப்பும் புழுதியைத்தான் பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் புழுதியும் இருக்காது, அப்போது ஒவ்வொரு சந்திப்பிலும் வேகத்தைக் குறைப்பதே வழி. ‘லெவல் பி’ என்று பலகை வைத்த மண் சாலைகளுக்குள் ஈரத்தில் இறங்கவே கூடாது. கரிசல் சேற்றில் சக்கரம் புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

வெஸ்ட் பிராஞ்ச் ஊருக்கு 80ஆம் எண் நெடுஞ்சாலையில் 254ஆவது வெளிவழியில் இறங்க வேண்டும். மந்தம் தொடங்கியபோது அமெரிக்க அதிபராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1874இல் பிறந்த சின்னஞ்சிறு வீடு இங்கே இருக்கிறது. ஊர் சீடர் கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஆனால் அளவில் சிறியது. ஐயோவாவில் மொத்தம் 99. ஹூவர் பதவியில் இருந்தபோதே, அவர் பிறந்த இதே கவுண்டிக்குள் விவசாயிகளை அடக்கத் துப்பாக்கியோடு படை வந்தது.

ஏன் என்று புரிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்து விலையை நம்பி நிலத்தின் மேல் கடன் வாங்கியவர்கள் ஏராளம். ஏக்கருக்கு 100 டாலர் வீதம் 160 ஏக்கருக்கு 16,000 டாலர் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 880 டாலர். ஒரு புஷல் மக்காச்சோளம், அதாவது சுமார் 25 கிலோ, ஒரு டாலருக்கு மேல் விற்ற 1919இல் 880 புஷலை அளந்து போட்டால் வட்டி தீர்ந்தது. 1932 கடைசியில் புஷல் 10 சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. அதே வட்டிக்கு இப்போது 8,800 புஷல் வேண்டும். ஏக்கருக்கு 40 புஷல் விளைந்து, வீட்டையும் கொட்டகையையும்கூட இடித்துவிட்டு 160 ஏக்கரிலும் சோளமே போட்டாலும் கிடைப்பது 6,400 புஷல்தான். நிலத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1920இல் ஏக்கர் சராசரியாக 255 டாலர் போன நிலம் 1933இல் 69 டாலர். 160 ஏக்கரையும் கொடுத்தாலும் 11,040 டாலர்தான் வரும், கடன் 16,000. அடுப்பில் நிலக்கரிக்குப் பதில் சோளக் கதிரைப் போட்டு எரித்தார்கள், அதுதான் மலிவு.

டிப்டன் இந்தக் கவுண்டியின் தலைநகர். 1931இல் நடந்த ‘மாட்டுப் போர்’ இந்த ஊரைச் சுற்றித்தான். மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனையை மாநிலம் கட்டாயமாக்கியிருந்தது. வால் அடியில் இருக்கும் தோல் மடிப்பில் டியூபர்குலின் மருந்தை ஊசியால் ஏற்றி, 72 மணி நேரம் கழித்து வந்து தடவிப் பார்ப்பார்கள். வீங்கியிருந்தால் மாட்டை அறுப்புக்கு அனுப்ப வேண்டும். இழப்பீடு உண்டு, ஆனால் முழு விலை இல்லை. வேறு ஏதோ கிருமி பட்ட மாட்டுக்கும் சில சமயம் வீங்கும். அறுத்துப் பார்த்து உள்ளே புண் எதுவும் இல்லை என்று தெரிந்தால் பக்கத்துப் பண்ணைக்காரன் அதற்கப்புறம் எந்த மருத்துவரையும் நம்ப மாட்டான். பாலை விற்றுத்தான் மளிகை வாங்குகிற குடும்பத்தில் பத்து மாட்டில் நான்கைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? மஸ்கட்டைன் ஊரில் நார்மன் பேக்கர் என்ற போலி மருத்துவர் தன் சொந்த வானொலி நிலையத்திலிருந்து இந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

1931 செப்டம்பர் 21 அன்று லென்க்கர் பண்ணைக்குக் கால்நடை மருத்துவர்களும் காவலர்களும் போனபோது நூற்றுக்கணக்கான விவசாயிகள் மறித்தார்கள். டயர்களைக் கிழித்தார்கள், கண்ணாடிகளை உடைத்தார்கள், ரேடியேட்டரில் சேற்றை அடைத்தார்கள். ஆளுநர் டான் டர்னர் ராணுவச் சட்டம் அறிவித்துத் தேசியக் காவல் படையை அனுப்பினார். படை பாதுகாப்போடு ஒவ்வொரு கொட்டகையாக ஊசி போட்டு முடித்தார்கள். மருத்துவத்தில் அரசுதான் சரி. காசநோய் மாட்டின் பாலால் குழந்தைகளுக்கு நோய் வந்தது உண்மை. ஆனால் விலை விழுந்த நேரத்தில் பாதி இழப்பீட்டையும் இயந்திரத் துப்பாக்கியையும் சேர்த்து அனுப்பியது பெரிய பிழை. மறியல் செய்தால் அரசு இறங்கிவருமா வராதா, படை வந்தால் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் மாநிலத்து விவசாயிகள் இங்கேதான் முதலில் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள்: மேசன் சிட்டி, சுமார் 270 கி.மீ.

நீண்ட ஓட்டம். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

மேசன் சிட்டியின் மையப் பூங்கா ஓரத்தில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1910இல் திறந்த ஓட்டலைப் பார்க்கத்தான் பலரும் வருவார்கள். அதே பூங்காவின் பக்கத்தில், ஃபெடரல் அவென்யூ மூலையில், ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி இருந்த கட்டடம் நிற்கிறது. 1934 மார்ச் 13 அன்று வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சரின் கும்பல் இங்கே புகுந்தது. பெட்டகத்தில் 2 லட்சம் டாலருக்கும் மேல் இருந்தது. கிடைத்தது 52,000.

மீதி ஏன் போகவில்லை என்பதைக் கட்டடத்தின் முன் நின்று யோசித்தால் விளங்கும். கூடத்துக்கு மேலே குண்டு துளைக்காத கண்ணாடி போட்ட இரும்புக் கூண்டில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். கொள்ளை தொடங்கியதும் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்றைச் சுட்டார். அடுத்ததற்குள் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. ஆனால் அந்த ஒன்றே போதும், கூடம் முழுக்கப் புகை. பெட்டகத்தின் கம்பிக் கதவுக்கு உள்ளே காசாளர், வெளியே கொள்ளைக்காரன். நோட்டுக் கட்டுகள் கம்பி வழியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன, கைக்கு எட்டவில்லை. காசாளர் ஒரு டாலர் கட்டுகளாகவே, அதுவும் நிதானமாக, எடுத்து நீட்டினார். வெளியே எதிர்க் கட்டடத்தின் மாடியிலிருந்து வயதான நீதிபதி ஒருவர் டில்லிஞ்சரின் தோளில் சுட்டார். நேரம் முடிந்தது, கும்பல் கிளம்பிவிட்டது.

அந்தக் கும்பல்கள் நேரத்தை அவ்வளவு கண்டிப்பாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஹெர்மன் லாம் என்ற பழைய கொள்ளைக்காரனின் பாடம் இது. முதலில் ஒருவர் வாடிக்கையாளர் போல் உள்ளே போய் மேசை, கதவு, பெட்டகம் எல்லாவற்றையும் வரைந்துகொள்வார். பிறகு தப்பும் வழியை இரண்டு மூன்று முறை காரிலேயே ஓட்டிப் பார்த்து, எத்தனை மைலில் எந்தத் திருப்பம், அடையாளமாக எந்த மரம், எந்தப் பாலம் என்று ஓடோமீட்டரைப் பார்த்துப் பத்தில் ஒரு மைல் துல்லியத்தோடு எழுதி ஓட்டுநர் கண் முன்னால் வைப்பார்கள். கோலம் போட்ட சாலைகள் இதற்கு வசதி. ஒரு வழி அடைபட்டால் அடுத்த மைலில் திரும்பிக்கொள்ளலாம். பணயக் கைதிகளைக் காரின் பக்கவாட்டுப் படியில் நிற்க வைத்ததால் யாரும் சுட முடியவில்லை. பின்னால் வருபவர்களுக்குக் கூரை ஆணிகளை வாரிக் கொட்டினார்கள்.

கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அதிகாரம் அவர் கவுண்டிக்குள்தான். மாநிலம் முழுக்கச் சுற்றும் நெடுஞ்சாலைக் காவல் படை ஐயோவாவில் வந்ததே 1935இல், அதுவும் 50 பேரோடு. வங்கிக் கொள்ளை மத்திய அரசின் குற்றப் பட்டியலில் சேர்ந்தது 1934 மே மாதம். அதுவரை மத்திய புலனாய்வுக்காரர்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய சட்டம், திருட்டுக் காரை மாநில எல்லை தாண்டி ஓட்டினான் என்ற 1919ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1930 முதல் 1933 வரை நாட்டில் சுமார் 9,000 வங்கிகள் மூழ்கின. கொள்ளை போன வங்கிக்குப் பெரும்பாலும் காப்பீடு இருந்தது, பணம் போட்டவருக்கு நட்டமில்லை. மூழ்கிய வங்கியில் போட்டவருக்குத்தான் போயிற்று. வைப்புக் காப்பீடு வந்ததே 1934 ஜனவரி 1இல், அதுவும் 2,500 டாலர் வரைக்கும். கொள்ளைக்காரனை ஊர் ரசித்ததன் வேர் அங்கே இருக்கிறது. ரசித்தவர்களைப் புரிந்துகொள்ளலாம். கொலைகாரர்களை வீரர்களாக்கும் கதைகளை ஏற்க முடியாது.

மூன்றாம் நாள்: டெக்ஸ்டர் – ஸ்டுவர்ட், சுமார் 260 கி.மீ.

80ஆம் எண் சாலையில் 100ஆவது வெளிவழி டெக்ஸ்டர், 93ஆவது ஸ்டுவர்ட். இரண்டும் பானி பார்க்கர், க்ளைட் பேரோ என்ற கொள்ளைக்கார ஜோடியின் கும்பல் தடம் பதித்த ஊர்கள்.

டெக்ஸ்டருக்கு வடக்கே ரக்கூன் ஆற்றோரத்தில் டெக்ஸ்ஃபீல்ட் பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1933இல் அது மூடிக் கிடந்தது. மிசௌரி மாநிலத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அடிபட்டு, தலையில் காயம்பட்ட க்ளைடின் அண்ணன் பக் பேரோவைத் தூக்கிக்கொண்டு ஜூலை 20 வாக்கில் ஐந்து பேர் இங்கே வந்து மரங்களுக்குள் தங்கினார்கள். க்ளைட் ஊருக்குள் போய்ச் சாப்பாடு, பனிக்கட்டி, கட்டுத்துணி எல்லாம் வாங்கிவந்தான். அவ்வழியே போன உள்ளூர்க்காரர் ஒருவர் ரத்தம் தோய்ந்த கட்டுத்துணிகளைப் பார்த்து ஊருக்குச் சொல்ல, ஜூலை 24 விடியலில் சுமார் ஐம்பது பேர் சுற்றி வளைத்தார்கள். காவலர்களோடு விவசாயிகளும் கடைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாகச் சேர்ந்த கூட்டம் அது.

ஐயோவா வங்கியாளர் சங்கம் 1920களிலிருந்தே கவுண்டிதோறும் ஆயுதம் கொடுத்துக் காவல் குழுக்களை அமைத்திருந்தது. கிராமத் தொலைபேசி அப்போது பல வீடுகளுக்கும் ஒரே கம்பி. அவசரம் என்றால் இணைப்பகத்தில் இருக்கும் பெண் எல்லா வீட்டுக்கும் சேர்த்து மணி அடிப்பார். எல்லோரும் ஒரே சமயத்தில் எடுத்துக் கேட்பார்கள். அந்த நாளில் காவல்துறையிடம் இருந்ததிலேயே வேகமான கருவி இதுதான். குறையும் இதிலேயே இருந்தது: யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு வரலாம். வந்தவர்களிடம் இருந்தவை வேட்டைத் துப்பாக்கிகள். க்ளைடிடம் தேசியக் காவல் படைக் கிடங்குகளில் திருடிய தானியங்கித் துப்பாக்கிகள். வளையத்தின் ஆற்றுப் பக்கம் ஓட்டையாக இருந்தது. பக்கும் அவன் மனைவி பிளாஞ்சும் பிடிபட்டார்கள். மற்ற மூவரும் குண்டடியோடு ஆற்றை நீந்திக் கடந்து, ஒரு பண்ணை வீட்டில் துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறித்துத் தப்பினார்கள். பக் ஜூலை 29 அன்று பெர்ரி ஊர் மருத்துவமனையில் இறந்தான்.

கோலம் போட்ட சாலைக் கட்டம் இங்கே உடைவதைக் கவனியுங்கள். ஆற்றுப் படுகை வந்ததும் நேர்ச்சாலைகள் முட்டி நிற்கின்றன, பாலம் இருக்கும் இடத்தில் மட்டும் கடக்க முடியும். தேடியவர்கள் பாலங்களை நினைத்தார்கள். ஓடியவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள்.

ஸ்டுவர்ட்டில் ஒரு மணி நேரம் போதும். 1934 ஏப்ரல் 16 அன்று இங்கே வங்கியில் அந்தக் கும்பல் எடுத்தது சுமார் 1,500 டாலர். அடுத்த மாதம் 23ஆம் தேதி லூசியானாவில் பானியும் க்ளைடும் கொல்லப்பட்டார்கள்.

நான்காம் நாள்: டெம்பிள்டன் – டெனிசன், சுமார் 150 கி.மீ.

துப்பாக்கிக் கதைகள் முடிந்தன. இனி வருவது ஊரே சேர்ந்து செய்தவை.

அதற்கு முன் கோழி. 1930களின் ஐயோவாப் பண்ணைகளில் அன்றாடத் திருட்டு என்றால் கோழித் திருட்டுதான். முட்டைக் காசு வீட்டுப் பெண்களின் கையிருப்பு. மளிகைக் கடையில் முட்டையைக் கொடுத்துச் சர்க்கரையும் துணியும் வாங்குவார்கள். ஓர் இரவில் நூறு கோழிகள் சாக்கில் போய்விட்டால் ஒரு பருவத்துச் சாப்பாட்டுச் செலவு போயிற்று. கோழி இருட்டில் அசையாது, சத்தமும் போடாது; விடிவதற்குள் காரில் அடுத்த கவுண்டிச் சந்தைக்குக் கொண்டுபோய்விடலாம். அங்கே போய்ப் பார்த்தாலும் உங்கள் கோழி எது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதற்காக வந்ததுதான் இறக்கையின் மடிப்புச் சவ்வில் ஊசிமுனைக் கருவியால் குத்தும் பச்சை எண். விவசாய இதழ்கள் திருடனைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று அறிவித்து, வேலியில் மாட்டப் பலகையும் கொடுத்தன. மாட்டுக்காகப் படை வந்த மாநிலத்தில் கோழிக்குக் காவல் இந்தப் பலகைதான்.

டெம்பிள்டன் சில நூறு பேர் வாழும் ஊர். ஜெர்மன் கத்தோலிக்கக் குடும்பங்கள். மதுவிலக்குக் காலத்தில் இங்கே பண்ணைகளில் ரை தானியத்தில் விஸ்கி காய்ச்சினார்கள். நாடெங்கும் தரத்துக்குப் பேர் வாங்கியது அது. காரணம் பழைய கணக்குதான்: புஷல் கணக்கில் விற்றால் வட்டிக்குக்கூட வராத தானியம், காலன் கணக்கில் விற்றால் நிலத்தைக் காப்பாற்றியது. கள்ளக் காய்ச்சுக்காரர்களைப் பொதுவாகக் காட்டிக்கொடுத்தவை மூன்று: மூட்டை மூட்டையாக வாங்கிய சர்க்கரை, புளித்த ஊறலின் வாடை, நேரங்கெட்ட நேரத்தில் எழும் புகை. வாடையை மறைக்கப் பன்றிக் கொட்டகை உதவியது, மிஞ்சிய சக்கையும் பன்றிக்கே போயிற்று. வேறு ஊர்களில் பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக வைத்து, அதன் ஈயப் பற்று சரக்கில் கலந்து, குடித்தவர்கள் நரம்பு செத்துக் கிடந்தார்கள். 1929இல் தண்டனை ஐந்தாண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம் வரை உயர்ந்தது. சோதனைக்காரர்கள் வந்தால் ஊரே வாய் திறக்காது. 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு நீங்கியது. 2000களில் அந்தப் பெயரிலேயே சட்டப்படி விஸ்கி விற்பனைக்கு வந்தது.

டெனிசனில் 1933 ஏப்ரல் 28 அன்று, ஒரு பண்ணையின் பொருள்களை ஜப்தி ஏலம் விட வந்த அதிகாரிகளை நூற்றுக்கணக்கான விவசாயிகள் அடித்து விரட்டினார்கள். இங்கும் படை வந்தது. அதன் முழுக்கதை அடுத்த கவுண்டிகளில் இருக்கிறது.

ஐந்தாம் நாள்: சியூ சிட்டி, சுமார் 120 கி.மீ.

மிசௌரி ஆற்றங்கரை நகரம். ஐயோவா, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா மூன்றும் கூடும் இடம். மூன்று மாநிலத்துப் பன்றியும் மாடும் பாலும் இங்கேதான் வந்து சேரும்.

1932 மே மாதம் டெமாயின் நகரில் விவசாயிகள் விடுமுறைச் சங்கம் பிறந்தது. தலைவர் மைலோ ரெனோ. வங்கிகள் கதவைச் சாத்திவிட்டு அதற்கு ‘விடுமுறை’ என்று பெயர் வைக்கலாம் என்றால் விவசாயியும் விற்பனைக்கு விடுமுறை விடலாமே என்பது அவர்கள் வாதம். ஆகஸ்டில் மறியல் தொடங்கியது. பால் உற்பத்தியாளருக்குக் குவார்ட்டுக்கு, அதாவது சுமார் ஒரு லிட்டருக்கு, 2 சென்ட், நகரத்து வீட்டில் அதே பால் 8 சென்ட். வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

நகருக்குள் வரும் சாலைகளில் மரத்தடி, வைக்கோல் கட்டு, தந்திக் கம்பம், ஆணி அடித்த பலகை. லாரி நின்றதும் கேன்களை இறக்கிப் பாலைச் சாக்கடையில் கவிழ்ப்பார்கள். ஒரு கேன் 10 காலன், நிறைந்திருந்தால் 40 கிலோவைத் தாண்டும். அதை இறக்கிக் கவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் பாலை விட்டுவிட்டார்கள்.

மறியல் ஏன் தோற்றது? சாலையை மறிக்கலாம், ரயிலை மறிப்பது கடினம். ஒரு நகரத்தை அடைத்தால் சரக்கு இன்னொரு நகரத்துக்குப் போகும். பன்றி காத்திருக்காது, நாளும் தீனி தின்னும், எடை கூடினால் சந்தையில் விலை குறையும். மறியல் தளர்ந்த அன்று தேங்கியதெல்லாம் ஒரே நாளில் சந்தைக்கு வந்து விழ, விலை மேலும் இறங்கும். இதையெல்லாம் விடப் பெரிய முடிச்சு, மறிப்பவரும் விவசாயி, மறிக்கப்படுபவரும் விவசாயி என்பது. 1933 பிப்ரவரியில் சியூ சிட்டிக்கு அருகே மறியலைத் தாண்டிப் பால் கொண்டுவந்த ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கும் வீட்டில் கட்ட வேண்டிய வட்டி இருந்திருக்கும்.

ஆறாம் நாள்: ல மார்ஸ், சுமார் 40 கி.மீ.

சியூ சிட்டியிலிருந்து 75ஆம் எண் சாலையில் வடகிழக்காகப் போனால் முதலில் ஜேம்ஸ் என்ற சிற்றூர், மறியல்காரர்களின் முகாம்களில் ஒன்று. பிறகு பிளிமத் கவுண்டியின் தலைநகரான ல மார்ஸ். ஐஸ்கிரீமுக்குப் பேர்போன ஊர். நமக்கு வேலை நீதிமன்றத்தில்.

இங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள இரண்டு வகை அடமானத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று நில அடமானம். பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்களிடம். மற்றது மாடு, குதிரை, கலப்பை, விளைச்சல் மேல் உள்ளூர் வங்கி தரும் கடன். இரண்டாவது வகைக் கடனுக்கு ஏலம் பண்ணை முற்றத்திலேயே நடக்கும். பென்னி ஏலம், அதாவது ஒற்றைச் சென்ட் ஏலம், என்று பேர் வாங்கியது அதுதான். நம்மூர்ப் பேச்சில் சிண்டிகேட் போடுவது என்போமே, அதேதான். ஆனால் லாபம் ஏலம் எடுத்தவருக்கு இல்லை, கடன்பட்டவருக்கு.

முறை இப்படி. ஏல அறிவிப்பு வந்ததும் சுற்றுப்பட்டு விவசாயிகள் ஒன்றுகூடி யார் எதைக் கேட்பது என்று பேசிக்கொள்வார்கள். அன்று நூறு இருநூறு பேர் முற்றத்தை நிறைத்து, ஏலக்காரருக்கு அருகிலேயே நெருங்கி நிற்பார்கள். கொட்டகை உத்தரத்தில் ஒரு தூக்குக் கயிறு தொங்கும். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மாடு வரும். ஒருவர் ‘ஐந்து சென்ட்’ என்பார். அமைதி. வெளியூர் வியாபாரி யாராவது வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் தோளில் கை விழும். குதிரை பத்து சென்ட், கலப்பை இருபத்தைந்து சென்ட் என்று எல்லாம் சில டாலருக்குள் முடிந்துவிடும். எடுத்தவர்கள் பொருளை அங்கேயே பழைய உரிமையாளரிடம் திருப்பிக் கொடுப்பார்கள்.

இதில் எங்கே சறுக்கும்? ஏலம் முடிந்தாலும் கடன் முடியாது. 800 டாலர் கடனுக்கு 5 டாலர் வந்தால் 795 பாக்கி நிற்கும். ஆகவே கடன் கொடுத்தவரையோ அவர் வக்கீலையோ கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, முழுக் கடனும் தீர்ந்தது என்று கையெழுத்து வாங்கினால்தான் காரியம் நிறைவேறியதாக அர்த்தம். வாங்க மறந்த இடங்களில் வங்கி மீண்டும் வந்தது. சின்ன வங்கிக்காரர் பலர் பேரம் பேசி இறங்கியும் வந்தார்கள். அவரும் அதே ஊரில்தானே நாளைக்கும் இருந்தாக வேண்டும்.

நில அடமானத்துக்கு இந்த வித்தை செல்லாது. அந்த ஏலம் நீதிமன்றப் படிக்கட்டில் நடக்கும். கேட்பவர் பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனம் ஒன்றே. நிலம் குறைந்த விலைக்குப் போனால் மீதிக் கடனுக்கு நீதிமன்றம் தனித் தீர்ப்பு தரும். நிலமும் போய், மாட்டையும் பிடிப்பார்கள். ஆகவே இங்கே விவசாயிகளுக்கு வேண்டியது குறைந்த விலை அல்ல, முழு விலை. 1933 ஜனவரி 4 அன்று இதே படிக்கட்டில் 33,000 டாலர் கடனுக்கு நியூயார்க் லைஃப் நிறுவனத்தின் வக்கீல் 30,000 கேட்டார். கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டு கயிற்றைக் காட்டியது. உயிர் போகும் நிலை, முழுத் தொகைக்குக் கேட்க அனுமதி வேண்டும் என்று அவர் நியூயார்க்கிற்குத் தந்தி அடித்தார். அந்த மாதக் கடைசியிலேயே அந்த நிறுவனம் ஐயோவாவில் ஜப்திகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது, மற்றவையும் தொடர்ந்தன. பிப்ரவரியில் ஐயோவாச் சட்டமன்றம் அடமான நடவடிக்கைகளை 1935 மார்ச் வரை தள்ளிவைக்க வழிசெய்யும் சட்டத்தைப் போட்டது.

அந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி நின்றபோதுதான் ஏப்ரல் 27 வந்தது. அன்று பக்கத்து ஓபிரையன் கவுண்டியின் பிரிம்கார் நீதிமன்றத்தில் காவலர்களோடு தடியடி. ல மார்ஸில் நீதிபதி சார்லஸ் பிராட்லியின் மன்றத்துக்குள் கூட்டம் நுழைந்தது. தொப்பியைக் கழற்றுங்கள், சிகரெட்டை அணையுங்கள் என்றார் நீதிபதி. இனி ஜப்தி உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சத்தியம் செய் என்றது கூட்டம். மறுத்தார். இழுத்து வெளியே கொண்டுவந்து, கண்ணைக் கட்டி, லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு சந்திப்புக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் கயிறு. சக்கர மூடியைத் தலையில் வைத்து மசகையும் மண்ணையும் கொட்டினார்கள். கால்சட்டையைக் கழற்றினார்கள். நீதிபதி மண்டியிட்டு ஜெபம் செய்தார். சத்தியம் மட்டும் செய்யவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள்.

பென்னி ஏலத்தில் நின்றவர்களின் பக்கம் நிற்க முடிகிறது, இங்கே முடியவில்லை. அந்த மனிதர் விலையைக் குறைத்தவர் அல்ல, கடன் கொடுத்தவரும் அல்ல. கூட்டத்தில் இருந்த பலருக்கே மறுநாள் வெட்கமாக இருந்திருக்கும். ஆளுநர் க்ளைட் ஹெர்ரிங் ராணுவச் சட்டம் அறிவித்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள், பெரும்பாலோருக்கு லேசான தண்டனை. நாடு முழுக்கச் செய்தியானது. இரண்டு வாரம் கழித்து, மே 12 அன்று, விளைபொருள் விலையைத் தூக்கிவிட வந்த விவசாயச் சீரமைப்புச் சட்டமும், பழைய அடமானத்தை அரசு ஆதரவு பெற்ற நில வங்கிக் கடனாக மாற்றிக்கொள்ள வழிசெய்த அவசரப் பண்ணை அடமானச் சட்டமும் சேர்ந்தே கையெழுத்தாயின. 1934 ஜனவரியில் மினசோட்டாவின் இதே போன்ற தள்ளிவைப்புச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இயக்கத்தைத் தணித்தது படை அல்ல, சோளக் கடன். 1933 அக்டோபரில் தொடங்கிய திட்டம்: களத்துப் பட்டறையில் இருக்கும் கதிரை அளந்து, இரண்டரைக் கன அடிக்கு ஒரு புஷல் என்று கணக்கிட்டு, முத்திரை வைத்துப் பூட்டிவிட்டு, புஷலுக்கு 45 சென்ட் கையில் கொடுத்தார்கள். முத்திரையை உடைத்துச் சோளத்தை விற்றால் அது குற்றம்.

வார நாளில் வந்தால் நீதிமன்றத்தில் பதிவாளர் அலுவலகம் திறந்திருக்கும்; நம் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரிதான். வில்லங்கம் பார்ப்பது எப்படியோ அப்படியே பார்க்கலாம்: கொடுத்தவர், பெற்றவர் பெயர் வரிசையில் தனித்தனி அட்டவணை, அதில் புத்தக எண், பக்க எண். நிலத்தின் அடையாளம் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்று மூன்று எண்களாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும். ஜப்தி வழக்குக் கட்டுகள் இங்கே இருக்காது, நீதிமன்ற எழுத்தரிடம் கேட்க வேண்டும். 1932 முதல் 1935 வரையிலான அடமானப் புத்தகங்களை எடுங்கள். ஷெரிஃப் பத்திரம் என்று பதிவாகியிருந்தால் நிலம் போய்விட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் பழைய அடமானம் ரத்தாகி, பின்னாலேயே ஒமாஹா கூட்டாட்சி நில வங்கியின் பெயரில் ஒன்று, நில வங்கி ஆணையர் பெயரில் இரண்டாவதாக ஒன்று என்று இரண்டு புதிய அடமானங்கள் ஏறியிருந்தால், அந்தக் குடும்பம் தங்கிவிட்டது. இரண்டு புதிய தொகைகளையும் கூட்டிப் பழைய தொகையோடு வைத்துப் பாருங்கள். பழையதைவிடக் குறைவாக இருந்தால், அதில் நிறுவனம் விட்டுக்கொடுத்த பங்கும் இருக்கும்.